ஒடுக்கு எடுக்கிறவர்

என் அண்ணன் செத்து ஒன்பது மாதம் ஆகிறது. அவரைப் பற்றி யாரும் எதுவும் எழுதப் போவதில்லை. எழுதுகிற அளவுக்கு அவர் என்ன கிழித்துவிட்டார் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். ஊதுகிற வாத்தியங்களைப் பழுது பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் நான் வேலை செய்யும் அருங்காட்சியகத்தின் இரண்டாவது மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் இருக்கும் சாக்ஸபோனைப் பார்த்து ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். தினம் தினம் அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

வாத்தியக்காரர்கள் அவரை ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும். அதோடே குளிக்கப் போய்விட்டு, துருப்பிடித்துவிட்டதே என்று என்னிடம் வந்து புலம்புவார். "தலையையும் கழட்டி வச்சுட்டுக் குளிச்சிருந்தா ரெண்டும் நனைஞ்சிருக்காது" என்பேன். சிரிக்க மாட்டார். "அது எப்படிக் கழட்டுறது, அதுக்கு ஸ்க்ரூ இல்லையே" என்று நிஜமாகவே யோசிப்பதுபோல் சொல்வார்.

என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு ஒன்பது வயது. படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எல்லாம் அவர்தான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "உன் ஒருத்தி வாய்க்கே பதில் சொல்ல முடியல, இன்னொருத்தியா?" என்பார். எனக்கு ஐம்பது தாண்டியும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

பட்டறை என்பது ஒரே அறை. தெருவிலிருந்து இரண்டு படி கீழே இறங்க வேண்டும். மாடியில் தையல் கடை. மெஷின்கள் ஓடும்போது கூரையிலிருந்து தூசி கொட்டும். அரக்கு உருகும் வாடை, எண்ணெய் வாடை, பித்தளையைத் தேய்த்த கையின் வாடை. சாக்ஸபோனில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி உண்டு, மூடிக்குள் தோல் வைத்த மெத்தை உண்டு. பேட் என்பார்கள். அது துளையின் விளிம்பில் சுற்றிலும் ஒரே சீராக உட்கார வேண்டும். தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் காற்று ஒழுகும், சத்தம் கெடும். இதைக் கண்டுபிடிக்க அண்ணன் ஒரு சின்ன பல்பைக் கம்பியில் கட்டிக் குழாய்க்குள் விடுவார். ஜன்னலை மூடி, விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மூடியாக அழுத்திப் பார்ப்பார். எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே காற்றும் கசியும். வெளிச்சம் கசிகிற வாத்தியம் அவர் பட்டறையை விட்டு வெளியே போகாது. கச்சேரிக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்று காட்டுக் கத்தல் கத்தினாலும் போகாது. அந்தப் பிடிவாதம்தான் கடைசியில் எங்கள் இருவரையும் கொண்டுபோய்ச் சந்தியில் நிறுத்தியது.

இனி மாஸ்டர். பெயர் சொல்லத் தேவையில்லை. ஜாஸ் என்ற வார்த்தையைக் கேள்விப்பட்ட எல்லோருக்கும் அவரைத் தெரியும். கேள்விப்படாதவர்களுக்கும் அந்தத் தொப்பியும் கன்னக் குழியும் தெரியும். பதினெட்டு வருடம் அவருடைய சாக்ஸபோன், வாத்தியக்காரர்கள் பேச்சில் சாக்ஸ், என் அண்ணன் மேஜைக்குத்தான் வந்தது. மாஸ்டர் படியிறங்கும்போதே, "எங்கடா என் பொண்டாட்டிக்கு வைத்தியம் பாக்குறவன்?" என்று கத்திக்கொண்டுதான் வருவார். வாய் கொஞ்சம் அப்படித்தான். ஆனால் வாசித்தால் தையல் கடை மெஷின்கள் நின்றுவிடும். ஒரு பேட் மாற்றியதைச் சோதித்துப் பார்க்க நாலே நாலு நோட் வாசிப்பார். மாடியில் பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அந்த நாலு நோட்டுக்காக அண்ணன் நாள் முழுக்க முகத்தில் ஒரு களையோடு இருப்பார். அவருக்கு வேறு சந்தோஷம் இருந்து நான் பார்த்ததில்லை.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை. மாஸ்டருக்குப் பதினோரு மணிக்கு ஒலிப்பதிவு. இரண்டு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று முந்தின நாள் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அண்ணன் வேலையை முடித்து, பல்பு விட்டுப் பார்த்து, மேஜைமேல் துணி விரித்துப் படுக்க வைத்திருந்தார். அப்போதுதான் நான் போனேன். என் மாமியாரோடு ஏதோ சண்டை. என்ன சண்டை என்று இப்போது ஞாபகம்கூட இல்லை, அவ்வளவு பெரிய சண்டை. உள்ளே நுழைந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். "நீ ஒரு வார்த்தை வந்து கேட்டியா? தங்கச்சி இருக்காளா செத்தாளான்னு கேட்டியா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். தோள் பையின் வார் சாக்ஸின் வாயில் மாட்டியது. நான் இன்னும் வேகமாகத் திரும்பினேன்.

கீழே, சாமானை இறுக்கிப் பிடிக்கிற பழைய இரும்பு வைஸ் ஒன்று தரையோடு போல்ட் போட்டு இருந்தது. அதன் கால்மேல் சாக்ஸ் விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. அகலமான வாய்ப்பக்கம் உள்ளே குழிந்து, அடி நோட்டின் மூடி ஒரு பக்கமாக எழும்பி நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் அதை எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வெளியே மாஸ்டரின் குரல் கேட்டது.

"பின் வழியா போ பாப்பா" என்றார்.

போனேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "கை தவறிடுச்சு மாஸ்டர். நான்தான் போட்டுட்டேன். ஒரே ஒரு மணி நேரம் குடுங்க, எடுத்துடறேன்" என்று அண்ணன் கெஞ்சினார். மாஸ்டர் பேசியதை எழுதினால் காகிதம் கருகிவிடும். நேரமில்லை என்று அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒடுக்கு விழுந்த சாக்ஸை வைத்துத்தான் அன்றைய ஒலிப்பதிவு நடந்தது. அடி நோட் வரும்போதெல்லாம் காற்று ஒழுகி, கரகரத்து, நடுவில் உடைந்து ஒரு சத்தம் வந்தது. கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். மனிதன் விம்முவதுபோலவே இருக்கிறது என்றார்கள். அந்த இசைத்தட்டு விற்றதுபோல் அவருடைய எதுவும் விற்கவில்லை. அந்த வருடம்தான் மாஸ்டரின் மனைவி இறந்திருந்தார். பேட்டி எடுக்க வந்தவர் அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கதை விடுவதில் மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "என் மனைவி செத்த அன்னைக்கு இதைச் செவுத்துல அடிச்சேன். அப்பறம் அது அழறதை நிறுத்தவே இல்ல" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஒடுக்கை எடுக்க யாரையும் கிட்டே விடவில்லை. என் அண்ணன் இரண்டு முறை போய்க் கேட்டார். "இதுதான்டா எனக்குச் சோறு போடுது, போடா" என்று அனுப்பிவிட்டார்.

மாஸ்டரின் வாத்தியக் குழுவில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். ஸ்க்ரூவிடம் கொடுத்தால் கீழே போட்டுத் தருவான் என்று கேலி பேசினார்கள். பாதி வேலை போயிற்று. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் அவரால் தாங்க முடியவில்லை. ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் எழுந்து போய் அணைப்பார். பக்கத்து டீக்கடையில் வந்தால் டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வருவார். ஒரு தடவை என் கணவர், "மச்சான், எப்படி அழுதுது பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

"அது அழுகை இல்ல மாப்ள. காத்து ஒழுகுது" என்றார் அண்ணன். "என் மேஜையிலிருந்து போனது. உலகம் பூரா ஒழுகுது."

அடுத்த வருடமே மாஸ்டர் போய்விட்டார். சாக்ஸ் அவருடைய மகள் வீட்டு அலமாரிக்குப் போயிற்று. குழுவில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனுக்கு ஒரே ஆசைதான் மிச்சம் இருந்தது. அந்த வாத்தியம் இன்னொரு தடவை தன் கைக்கு வர வேண்டும், அந்த ஒடுக்கை எடுக்க வேண்டும். மாஸ்டரின் மகளுக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் இல்லை. வலது கையில் லேசான நடுக்கம் வந்த பிறகு அந்த ஆசை அவரை இன்னும் பிடித்து ஆட்டியது. "இன்னும் ரெண்டு வருஷம், மூணு வருஷம் இந்தக் கை தாங்கும் பாப்பா" என்று விரல்களை நீட்டிக் காட்டுவார். நான் பேச்சை மாற்றுவேன்.

நான் அருங்காட்சியகத்தில் பொருள் கிடங்குக்குப் பொறுப்பாளர். எந்தப் பொருள் உள்ளே வந்தாலும், வெளியே போனாலும், யார் தொட்டாலும் என் கையெழுத்து வேண்டும். இந்த வேலையை நான் சாதாரணமாகப் பிடிக்கவில்லை. கூட்டிப் பெருக்கும் வேலையில் சேர்ந்து, இரவுப் பள்ளியில் படித்து, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்தேன். என் கணவர் பக்கவாதம் வந்து ஏழு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். மகள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் மூன்று பேரும் நடுத்தெரு.

மாஸ்டரின் நூறாவது பிறந்த வருடத்துக்குக் கண்காட்சி என்று முடிவானது. 'அழுத சாக்ஸ்' என்று தலைப்பே வைத்துவிட்டார்கள். தொப்பி, கோட்டு, கடிதங்கள், போஸ்டர்கள் எல்லாம் சுவர் ஓரம். நடுக் கூடத்தில், தனி வெளிச்சத்தில், அந்தச் சாக்ஸ் மட்டும். ஒடுக்கு தெரிகிற பக்கம் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று அருங்காட்சியக இயக்குநர் தானே நின்று அளந்தார். மாஸ்டரின் மகள் இரவல் கொடுக்கச் சம்மதித்து, பெட்டி வந்து இறங்கியது. நாற்பது போட்டோ எடுத்து, ஒடுக்கின் நீளம், ஆழம் எல்லாம் அளந்து எழுதி வைத்தோம்.

இருபது வருடம் அலமாரியில் கிடந்ததில் பல மூடிகள் தொங்கின, கம்பிகள் துருவேறியிருந்தன. எங்கள் ஆய்வறைக்காரர்களுக்குக் காகிதமும் ஓவியமும் தெரியும், சாக்ஸ் தெரியாது. தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று இயக்குநர் கேட்டார். நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஆனால் திறந்தேன். அண்ணன் அதை ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும், துடைத்து வைக்கட்டும், அந்த மட்டும் அவர் மனசு ஆறட்டும் என்று நினைத்தேன். கடன்காரி மாதிரி இத்தனை வருடம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தவளுக்கு, அதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

"எதுவும் கழண்டு விழாம இறுக்கி வைக்கணும், தூசி தட்டணும். அவ்வளவுதான். ஒடுக்குல கை வைக்கவே கூடாது. புரியுதா?" என்று பத்துத் தடவை சொன்னேன்.

"புரியுது பாப்பா" என்றார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மூன்று நாள் வேலை. முதல் நாளும் இரண்டாம் நாளும் நான் நடுநடுவே போய்ப் பார்த்தேன். குனிந்த தலை நிமிராமல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வேறொரு ஊரிலிருந்து போஸ்டர்கள் வந்து இறங்கின. எனக்குத் தலைக்குமேல் வேலை. மாலை நான்கு மணிக்குத்தான் போனேன். ஆய்வறையின் திரைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"வா பாப்பா, கதவைச் சாத்து. பாரு" என்றார்.

சாக்ஸுக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. எந்த மூடியிலிருந்தும் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. பிறகு விளக்கைப் போட்டார். ஒடுக்கு இல்லை. வாய்ப்பக்கம் வழவழவென்று, நேற்றுத்தான் வாங்கியது மாதிரி இருந்தது. அதை எடுத்து வாயில் வைத்து அடி நோட்டை வாசித்தார். நடுக்கமில்லாமல், பிசிறில்லாமல் நீண்டு நின்றது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு என் அண்ணன் முகத்தில் அந்தக் களையைப் பார்த்தேன்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன காரியம் பண்ணிட்ட அண்ணா! படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"கை வைக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். பேட் ஒண்ணு இத்துப் போயிருந்துது, அதை மட்டும் மாத்தினேன். மாத்தினா உக்கார மாட்டேங்குது. பேட் உக்காரணும்னா விளிம்பு நேரா இருக்கணும். விளிம்பு நேரா இருக்கணும்னா ஒடுக்கு போகணும். ஒழுகுற வாத்தியத்தை எப்படி பாப்பா என் கையால வெளிய அனுப்புவேன்?" என்றார். ஏதோ சோறு வேகவில்லை, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன் என்பதுபோல் சொன்னார். தப்பு செய்துவிட்டோம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார் பாவி மனுஷன்.

மறைத்துவைக்க முடிகிற விஷயமா இது? மறுநாள் காலை இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. போட்டிருந்தால் பரவாயில்லை. ஆய்வறைக்கு வந்து, சாக்ஸைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். முகத்தில் ஈயாடவில்லை. வியாழக்கிழமை மாஸ்டரின் மகள் பார்க்க வருகிறார், சனிக்கிழமை திறப்பு விழா. அன்று செவ்வாய்.

"யார் கையெழுத்துப் போட்டு இவரை உள்ள விட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"அப்ப உங்க வேலை போகும். வழக்கு வந்தா அதுலயும் நீங்க இருப்பீங்க. நானும் இருப்பேன்."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து நின்றார். என் வேலை போகும் என்ற பேச்சு அதுவரை அவர் புத்திக்கு எட்டவே இல்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. "சார், அவளை விட்டுடுங்க. இந்த ஒடுக்கு மாஸ்டர் போட்டது இல்ல. செவுத்துல அடிச்சதும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பட்டறையில கீழ விழுந்துது. நான்தான் போட்டேன். என் தப்பை நானே சரி பண்ணேன். இதை எங்க வேணா வந்து சொல்றேன், எழுதியும் தர்றேன்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். நான்தான் போட்டேன் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். 

இயக்குநர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். அது யாருக்குத் தெரியும்?"

"குழுவுல இருந்தவங்களுக்குத் தெரியும். எல்லாரும் போயிட்டாங்க."

"அப்ப நம்ம மூணு பேருக்குத் தெரியும். அது போதும்" என்றார் இயக்குநர். "ஒடுக்கு எடுக்கத் தெரிஞ்சவருக்குப் போடவும் தெரியும். போட்டோ இருக்கு, அளவு இருக்கு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது எப்படி வந்துதோ அப்படி இருக்கணும்."

அண்ணன் முடியாது என்றார். கையை வெட்டிப் போட்டாலும் செய்ய மாட்டேன் என்றார். இயக்குநர் என்னைப் பார்த்து, "நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பேசினேன். என்னவெல்லாமோ பேசினேன். படுக்கையில் கிடக்கிற மனுஷனைச் சொன்னேன், மகள் படிப்பைச் சொன்னேன், அவள் மாமன் என்று உன் ஒருவனைத்தானே நம்பியிருக்கிறாள் என்றேன். அழுதேன். அழுகை நிஜம்தான், ஆனால் அழுதால் அவர் தாங்க மாட்டார் என்று தெரிந்தும் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டேன் பாப்பா. நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன். போடு அண்ணா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தக் காலை என் பை மாட்டியதைப் பற்றி அப்போதாவது அவர் ஒரு சொல் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அந்த வைஸைக் கழட்டி எடுத்துட்டு வரணும்" என்றார். "வேற இரும்புல அடிச்சா மடிப்பு வேற மாதிரி விழும்."

புதன்கிழமை காலை வைஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஆய்வறையின் தரையில் வைத்தார். நாற்பது போட்டோவையும் வரிசையாக மேஜைமேல் பரப்பினார். சாக்ஸின் வாயை வைஸின் கால்மேல் பொருத்தி, உள்ளேயிருந்து மரச்சுத்தியால் அடித்து, கால் இடிக்கிற இடத்தை உள்ளே குழிய வைக்க வேண்டும். சுத்தியை ஓங்கினார், இறக்கினார். மறுபடி ஓங்கினார். "கொஞ்சம் பிடி" என்றார். நான் சாக்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முதல் அடி. எடுத்து அளந்து பார்த்தார், ஆழம் போதவில்லை. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. ஒவ்வொரு அடியும் என் நெஞ்செலும்பில் வந்து இடித்தது. ஐந்தாவது அடிக்குப் பிறகு அளந்தார். ஓரத்தில் ஒரு மடிப்பு இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருக்க வேண்டும் என்று உளியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினார். கெட்ட வேலையையும் இவ்வளவு சுத்தமாகச் செய்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று கேட்காதீர்கள். இத்துப் போன பழைய பேடைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதை அரக்கு உருக்கி மறுபடி ஒட்டினார்.

திரையை இழுத்து, பல்பை உள்ளே விட்டார். அடி மூடியின் ஓரத்தில் பிறை மாதிரி வெளிச்சம் கசிந்தது.

"ஒழுகுது" என்றார். "சரியா இருக்கு."

வியாழக்கிழமை மாஸ்டரின் மகள் வந்தார். எழுபதை நெருங்கியவர், மெல்லப் பேசுகிறவர். கெட்டவர் என்று சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி இன்னும் மூடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு அந்த ஒடுக்கைத் தடவிப் பார்த்தார். "அம்மா போன அன்னைக்கு நான் ஊர்ல இல்ல. அப்பா எப்படித் துடிச்சாரோன்னு இதைப் பாத்துத்தான் நெனச்சுக்குவேன்" என்றார். கூடத்தில் இருந்த எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இயக்குநரும் குனிந்துகொண்டார்.

பிறகு அண்ணனைப் பார்த்தார். "நீங்கதானே அப்பா வாத்தியத்தைப் பாத்துக்கிட்டவர்? எனக்கு லெட்டர் எழுதினது நீங்கதானே? மன்னிச்சுக்கோங்க. ஒடுக்கை எடுக்கணும்னு எழுதியிருந்தீங்க. எங்க எடுத்துடுவீங்களோன்னு பயந்துதான் நான் பதிலே போடல. இப்ப உங்க கைக்கே வந்தும் அதைத் தொடாம விட்டிருக்கீங்க. அதுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?"

அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தார், சாக்ஸைப் பார்த்தார். "இருக்கட்டும்மா" என்றார்.

இருவரும் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் காதில் ஸ்க்ரூ டிரைவர் இல்லை. எங்கே விட்டார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே, என் குடும்பத்தையே காப்பாத்திட்ட அண்ணா, மனசுல எதையும் வச்சுக்காதே என்று ஏதேதோ உளறினேன்.

"ஒண்ணும் வச்சுக்கல பாப்பா" என்றார். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னார். "இத்தனை வருஷமா நான்தான் பண்ணேன், நான்தான் பண்ணேன்னு பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன். பொய்தானேன்னு உள்ளுக்குள்ள ஒரு தைரியம் இருந்துது. இப்ப அது பொய் இல்ல."

பஸ் வந்தது. எப்போதும் என்னை முதலில் ஏற்றிவிட்டுத்தான் அவர் ஏறுவார். அன்று எனக்கு முன்னால் ஏறிப் போய், இரண்டு பேர் உட்காரும் இருக்கையை விட்டுவிட்டு, ஒருவர் மட்டும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.